ஆள் குறைகிறது என்று அலறுவதற்கு முன்: வான்போர் விளையாட்டுகளில் எண்ணிக்கையைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம், எங்கள் வான்போர் விளையாட்டு சர்வரை, அதாவது பலர் இணையத்தில் கூடி ஆடும் களத்தை, நடத்தும் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நள்ளிரவில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணா, மூணு நாளா சர்வர் நிரம்பி வழியுது. ரெண்டாவது ஒண்ணு திறந்துடலாமா?" அதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இதே கேள்வியை 2018 டிசம்பரில் நான் கேட்டேன். அன்றைக்கு இருந்த மூத்தவர்கள் "சரி" என்று சொல்லிவிட்டார்கள்.

'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' என்ற இரண்டாம் உலகப்போர் வான்போர் விளையாட்டுத் தொடரின் ஸ்டாலின்கிராட் தொகுப்பு 2014இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அதற்கென இயங்கிய தன்னார்வ சர்வர் ஒன்றின் குழுவில் சேர்ந்தேன். மற்றவர்கள் எல்லாரும் ஐரோப்பாவில் இருந்ததால், அவர்கள் உறங்கும் வேளையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அங்கிருந்தபடி எண்ணிக்கை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன். இணைய வேகம், சர்வர் வாடகை, கடவுச்சொல் போன்றவற்றில் நேரும் தவறுகளை எவரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டீம் காட்டும் எண்ணை மொத்த எண்ணாகக் கொள்வது

விமானம், டாங்கி, கப்பல் மூன்றும் உள்ள 'வார் தண்டர்' 2012 நவம்பரில், யாரும் ஆடிப் பார்க்கும் திறந்த சோதனைக்கு வந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அது கிடைத்ததோ 2013 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட மாதங்களில் கணக்குத் தொடங்கியவர்களும், பின்னாளில் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்கியவர்களும், பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஆடுபவர்களும் ஸ்டீம் வரைபடத்தில் தலைகாட்டுவதே இல்லை. ஆகவே அந்த வரைபடம் ஒரு வாசலில் நுழைபவர்களை மட்டும் எண்ணுகிறது. அந்த வாசல் வழியே வருகிறவர்களிலும் எத்தனை பேர் விமானம் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் டாங்கியிலும் கப்பலிலும் இருக்கிறார்கள் என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

'டிசிஎஸ் வேர்ல்டு', 'ஐஎல்-2' போன்ற வான்போர் விளையாட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றைத் திறந்து வைத்திருக்கும் பலர் எந்தச் சர்வருக்கும் வருவதில்லை. அலுவலகம் முடிந்து வந்து, கணினி ஓட்டும் எதிரிகளோடு தனியாக ஒரு பயணம் போய்விட்டு உறங்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்களையும் சேர்த்து எண்ணி, "இத்தனை ஆயிரம் பேர் இருந்தும் நம் சர்வர் காலியாகக் கிடக்கிறதே" என்று நாங்கள் புலம்பிய கூட்டங்கள் ஒன்றிரண்டல்ல.

காலை ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புது ஜாய்ஸ்டிக் வாங்கிய உற்சாகத்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உள்ளே வந்தார். சர்வரில் ஆறு பேர் இருந்தோம். பத்தே நிமிடத்தில் "இது செத்துப்போன கேம்" என்று எழுதிவிட்டு வெளியேறினார். நம் ஒன்பது மணி மத்திய ஐரோப்பாவில் விடிவதற்கு முந்தைய வேளை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அங்கே இரவு உணவு முடிந்து ஆட்கள் கூடுகிறபோது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

மணிக்குச் சொன்னது மாதத்துக்கும் பொருந்தும். ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்களாகவும் வட அமெரிக்கர்களாகவும் இருக்கும் விளையாட்டில், குளிர்காலத்தில் எண்ணிக்கை ஏறும். இரவு ஒன்பது மணி வரை வெயிலடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இறங்கும். ஜனவரியோடு ஜூலையை ஒப்பிட்டு "பாதியாகிவிட்டது" என்று அறிக்கை எழுதுபவர் கோடைக்காலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த ஆண்டு ஜூலையைச் சென்ற ஆண்டு ஜூலையோடு, சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடு, அதே மணி நேரத்தில் வைத்துப் பாருங்கள்.

2020ஐ அளவுகோலாக வைப்பது

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை முதன்முறையாக 2 கோடியைத் தாண்டியது. வீட்டிலேயே முடங்கிய உலகம் ஜாய்ஸ்டிக்குகளை வாங்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிகரத்திலிருந்து பார்த்தால் எல்லா ஆண்டுகளும் பள்ளம்தான்.

நிரம்பியவுடன் இரண்டாவது சர்வர் திறப்பது

இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதை எண்ணினால் இன்றும் எரிச்சல் வருகிறது.

2018 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் சர்வரின் 84 இடங்களும் மாலைதோறும் நிரம்பின. வெளியே பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். உள்ளே வர முடியாதவர்களின் கோபக் கடிதங்களைப் படித்தவன் நான்தான். அதே தொடரின் மாஸ்கோ தொகுப்பில் வரும் ஐ-16, மிக்-3, மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் பழைய வகை ஆகிய விமானங்களை மட்டும் வைத்து, போரின் தொடக்கக் காலத்துக்கென்றே தனியாக ஒரு சர்வர் திறக்கலாம் என்று திட்டமும் போட்டுக் கொடுத்தேன். ஜனவரி இரண்டாம் வாரத்தில் திறந்தோம். முதல் சனிக்கிழமை இரண்டிலும் ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வான்போர் விளையாட்டில் ஆள் எண்ணிக்கை என்பது வானத்தின் அடர்த்தி என்பதை நான் அன்று கணக்கிடவே இல்லை. 84 பேர் சரிபாதியாகப் பிரிந்தால் 42க்கு 42. யாரும் யாரையும் எதிர்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், எதிரி இணைகள் 1,764. அதே 84 பேர் இரண்டு சர்வர்களில் 42, 42 ஆகப் பிரிந்தால், ஒவ்வொன்றிலும் 21க்கு 21, இணைகள் 441. இரண்டையும் கூட்டினாலும் 882தான். ஒரு தலைகூடக் குறையாமலேயே சண்டைக்கான வாய்ப்பில் பாதியை வெட்டி எறிந்துவிட்டோம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சின்ன வரைபடத்தை மாற்றி வைத்தால் இதைச் சமாளித்துவிடலாம். செத்தவர் சில நொடிகளில் மறுபடி ஓடி வந்துவிடுவார். இங்கே ஓடுபாதையிலிருந்து கிளம்பி, நாலாயிரம் மீட்டர் ஏறி, போர்முனைக்குப் போய்ச் சேரவே பன்னிரண்டு நிமிடம் ஆகும். அங்கே யாரும் இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டும், தேடிய நேரமும், திரும்பி வரும் நேரமும் வீண்.

பிப்ரவரியில் ஓர் இரவு, புதிய சர்வரில் ஒரு மிக்-3ஐ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பட்டியலில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பனி மூடிய காடு, உறைந்த ஆறு, வலது பக்கம் தாழ்ந்த சூரியன். தரையிலிருந்து ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி இரண்டு முறை சுட்டது. அதுவும் கணினி ஓட்டுவதுதான். இருபதாவது நிமிடத்தில் உரையாடல் பெட்டியில் யாரோ "எங்கே எல்லோரும்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அவர் வெளியேறிய அறிவிப்பு வந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு பேரின் அறிவிப்புகள் வந்தன. முப்பத்தெட்டு நிமிடம் பறந்து, ஒரு எதிரியைக்கூடக் காணாமல், சர்வரை நடத்துகிற நானே சலித்துப்போய்த் தரையிறக்கினேன்.

வீழ்ச்சி அதற்குப் பிறகு தானாகவே நடக்கும். சர்வர் பட்டியலைத் திறப்பவர் முதலில் பார்ப்பது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான். 70 என்று இருந்தால் நுழைவார். 18 என்று இருந்தால் "நிறையட்டும், பிறகு வருவோம்" என்று போய்விடுவார். அப்படி நினைக்கிறவர்கள் முப்பது பேர் ஒரே மாலையில் இருந்தால், அந்த முப்பது பேரும் ஒருவருக்காக ஒருவர் வெளியே காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மார்ச்சில் பழைய சர்வரிலும் முப்பதைத் தாண்டவில்லை. அப்போதாவது புதியதை மூடியிருக்க வேண்டும். அதையே நம்பி வந்த ஏழெட்டுப் பேர் மனம் நோகுமே என்று மே வரை இழுத்தோம். மூடியபோது அவர்கள் பழைய சர்வருக்கு வருவார்கள் என்று நினைத்தோம். வரவில்லை. விட்டுப்போன பழக்கத்தோடு ஆளும் போய்விட்டார். இத்தனைக்கும் நாங்கள் குழுவுக்குள் பழி சொன்னது யாரை என்று நினைக்கிறீர்கள்? விளையாட்டைத் தயாரித்தவர்களை.

நாங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. டெக்ஸாஸைச் சேர்ந்த ஹைடெக் கிரியேஷன்ஸ் நடத்தும் 'ஏசஸ் ஹை' மாதச் சந்தாவில் ஓடும் பழைய விளையாட்டு. அங்கே நெரிசல் மிகுந்த பெரிய களத்தை 2006இல் பல களங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் வரம்பு வைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் அந்தப் பிரிவினையைப் பற்றிப் பல ஆண்டுகள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் நிறுவனம் ஒற்றைக் களத்துக்கே திரும்பியது. 'வார் தண்டர்' போன்ற பெருங்கூட்டம் உள்ள விளையாட்டிலும், மூன்று ஆட்ட முறைகள், பத்து நாடுகள், விமானத்தின் வலிமைக்குப் புள்ளி தரும் போர்த் தரவரிசையில் ஒரு புள்ளிக்குள் இருப்பவர்களையே மோதவிடும் ஏற்பாடு என்று கூட்டம் ஏற்கெனவே கூறுபோடப்பட்டிருக்கிறது. தரவரிசையை இன்னும் விரித்தால் நியாயமான சண்டை கிடைக்கும் என்று ஆட்டக்காரர்கள் கேட்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு விரிப்பும் அதே கூட்டத்தை மேலும் மெலிதாகப் பரப்புகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, நிரம்பி வழிந்தால் என்னதான் செய்வது? வழியட்டும் என்று விடுங்கள். வரிசையில் பத்து நிமிடம் நின்றவர் நாளைக்குச் சற்று முன்னதாக வருவார். காலி வானத்தில் நாற்பது நிமிடம் சுற்றியவர் வரமாட்டார். வேறு காலத்து விமானங்களை விரும்புகிறவர்களுக்கு, அதே சர்வரில் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கிக் கொடுங்கள். இருபது பேருக்குக் கீழே போனால், விமானத்தளங்கள் போர்முனையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சிறிய களத்துக்குத் தானாக மாறும்படி அமைத்துவிடுங்கள். நாங்கள் இதைச் செய்த பிறகுதான் என் காலை வேளைப் பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் தங்க ஆரம்பித்தார்கள்.

கடைசியாக வந்த அப்டேட்டின் மேல் பழி போடுவது

எண்ணிக்கை இறங்கியதும் அதற்கு முந்தைய வாரம் என்ன மாறியது என்று தேடுவது மனித இயல்பு. 2023 மே மாதத்தில் 'வார் தண்டர்' தன் விளையாட்டுக்குள் உள்ள வருமானக் கணக்கை மாற்றப்போவதாக அறிவித்தபோது, ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் மழையாகக் கொட்டின. நிறுவனம் மாற்றத்தைத் திரும்பப் பெற்று, அடுத்த மாதம் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அந்த நாட்களில் விமர்சனங்களின் நிறத்தைப் பார்த்து விளையாட்டே முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று ஸ்டீம் காட்டும். நான் படித்தவற்றில் கடுங்கோபக்காரர்கள் பலர் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியவர்கள். விட்டுவிட்டுப் போக மனமில்லாதவர்தான் இருந்து சண்டை போடுவார். சத்தமில்லாமல் போகிறவர் விமர்சனம் எழுதுவதில்லை, விடைபெறுவதும் இல்லை. இரண்டாம் மாலையிலேயே ஐந்து முறை பின்னாலிருந்து சுடப்பட்டு, யார் சுட்டார் என்றே தெரியாமல் கணினியை அணைத்த புதியவர் அவர். அப்டேட்டை ஆராய்வதற்கு முன், முதல் வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வாரம் வந்தார்கள் என்று பாருங்கள்.

பழைய கைகள் எல்லாரும் ஒரே அணியில் சேர்வது

ஒரே பக்கம் ஆள் குவிவதைத் தடுக்க, 'ஏசஸ் ஹை'யில் ஆள் மிகுந்த தரப்புக்கு நல்ல விமானங்கள் பூட்டப்படும். எரிச்சலூட்டும் விதிதான், ஆனாலும் வேண்டும்.

காலி இடத்தைக் கணினி விமானங்களால் நிரப்பி, அவற்றையும் சேர்த்து எண்ணுவது

நிரப்பலாம். எண்ணக் கூடாது.

அப்டேட் வந்த அன்று எடுத்த எண்ணிக்கை

குப்பையில் போடுங்கள்.