டெய்லர் அக்கா துப்பறிகிறார்: முதல் மர்ம நாவலை எழுதுவது எப்படி?

வடசென்னையில் நடக்கிற கொலைக் கதை என்றாலே முதல் அத்தியாயத்தில் அரிவாள், இரண்டாவதில் கானா, மூன்றாவதில் பழிக்குப் பழி. சினிமா பழக்கிவிட்ட வழி அது. ஆனால் ரவுடி வெட்டினான் என்றால் யார் வெட்டியது என்று தெருவுக்கே தெரியும். அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மர்ம நாவலுக்கு வேண்டியது, தெருவில் யாருமே சந்தேகப்படாத ஒரு சாவும், அதைப் பார்த்து "இதுல ஏதோ இடிக்குதே" என்று நிற்கிற ஒரு பெண்ணும்தான்.

அந்தப் பெண் போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை, துப்பறியும் நிறுவனமும் நடத்தவில்லை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-ல் முதல் நாவலுக்குள் வந்தபோது, கிராமத்தில் தோட்டத்தையும் அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி. அவ்வளவுதான் அவருடைய தகுதி. நம் தெருவில் அதைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர்.

படி 1: முதலில் தொழில், பிறகு பெயர்

நாயகி அழகா, துணிச்சல்காரியா என்பதெல்லாம் பிறகு. என்ன வேலை செய்கிறார்? அந்த வேலையால் யார் வீட்டுக்குள் போக முடிகிறது? எதைப் பார்த்தால் அவருக்கு மட்டும் புரியும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி நாவல் கையில்.

காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும் அம்மா, இட்லிக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா, யாரும் சரி. நான் இங்கே பழைய வண்ணாரப்பேட்டையில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஒரு டெய்லர் அக்காவை எடுத்துக்கொள்கிறேன். கஸ்தூரி என்று வைப்போம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கிற பெண்கள் ஜாக்கெட் தைக்க அவரிடம் வருகிறார்கள். அளவு எடுக்கிற ஐந்து நிமிஷத்தில் வாயைத் திறக்காத பெண் கிடையாது. யார் இளைத்தாள், யார் முழுகாமல் இருக்கிறாள், யார் தோளில் கன்றிய தடம் இருக்கிறது, எல்லாம் டேப்புக்குத் தெரியும்.

படி 2: அவர் ஏன் தலையிட வேண்டும்?

வெறும் ஆர்வம் போதாது. கடையும் குடும்பமும் இருக்கிற பெண் நாலு நாள் வேலையை விட்டுவிட்டு அலைய வலுவான காரணம் வேண்டும். கஸ்தூரி ஒரு லட்ச ரூபாய் சீட்டும் பிடிக்கிறார். இந்த மாதம் சீட்டு எடுத்த தேவி மறுநாள் காலை மாடிப்படியில் இறந்துகிடக்கிறாள். வெள்ளிக்கிழமை, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குக் கிளம்பியவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்கிறார்கள். பணத்தைக் காணோம். "கஸ்தூரி குடுத்தாளோ இல்லியோ" என்று தெரு பேசத் தொடங்குகிறது. இனி அவரால் சும்மா இருக்க முடியாது.

படி 3: நடந்ததை முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் நேராக முதல் அத்தியாயத்தில் இறங்கி, பத்தாவது அத்தியாயத்தில் கொலையாளியைத் தேடுகிறார்கள். வேண்டாம். ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: நேரம், உண்மையில் நடந்தது, ஆட்கள் சொல்வது. கொலையாளியின் கண்வழியே அந்த இரவை மணிவாரியாக நிரப்புங்கள். இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் ஒத்துப்போகாத இடங்கள்தான் உங்கள் அத்தியாயங்கள்.

ஊர் இங்கேதான் உதவிக்கு வரும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவியின் கணவனும் கொழுந்தனும் லாஞ்சுக்குப் போகிறவர்கள் என்றால், மே மாதத்தில் இருவரும் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, சீட்டுப் பணத்தின் மேல் எல்லார் கண்ணும் இருக்கும். அதே கதையை செப்டம்பரில் வைத்தால் இரண்டு பேரும் கடலில் இருப்பார்கள், கொலைக்கான காரணமே கரைந்துபோகும்.

தண்ணி லாரியையும் விடாதீர்கள். லாரி வந்தால் தெருவே குடத்தோடு வெளியே நிற்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வீட்டுக் குடம் மட்டும் வரிசையில் அநாதையாக நின்றது என்பதற்கு நாற்பது சாட்சி. சிசிடிவி கேமராவைவிட எனக்கு அந்தக் குடத்தைத்தான் பிடிக்கும்.

படி 4: துப்பை வாசகர் கண்முன்னே வையுங்கள்

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929-ல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: துப்பறிகிறவர் பார்த்த தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டினால் அது ஏமாற்று.

காட்டவும் வேண்டும், கவனம் போகவும் கூடாது. எப்படி? நான் செய்வது இது:

"தேவி கடைசிப் படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று நாலு படி மேலே. சிதறிய மல்லிகை. நீலப் புடவையின் கொசுவம் வலப்பக்கம் மடிந்து, நேராக, கலையாமல் இருந்தது. தேங்காய் மட்டும் உடையவில்லை. 'அண்ணீ!' என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான்."

தேங்காய் உடையாதது கண்ணை இழுக்கும். அடுத்த வரியில் அலறல். நடுவில் கிடக்கிற கொசுவத்தைத் தாண்டி வாசகர் போய்விடுவார். ஆனால் தானே புடவை கட்டிக்கொள்ளும் பெண்ணுக்குக் கொசுவம் இடப்பக்கம் பார்த்து மடியும். பழக்கமில்லாத ஒருவர் எதிரே நின்று கட்டிவிட்டால் இடம் வலமாகிவிடும். தேவி முந்தின இரவே, நைட்டியில் இருந்தபோது இறந்தவள். கோயிலுக்குக் கிளம்பினாள் என்று காட்டுவதற்காக யாரோ புடவை சுற்றியிருக்கிறார்கள்.

இது எந்தப் பெண்ணும் பிடிக்கக்கூடிய துப்பு. கூடவே நாயகிக்கு மட்டும் பிடிபடுகிற துப்பு ஒன்றும் வேண்டும். உடல் பெருத்துவிட்டதென்று தேவி தன் ஜாக்கெட்டுகளைப் பிரித்துவிடக் கொடுத்திருந்தாள், அவை கடையில் தொங்குகின்றன. பிணத்தின் மேல் இருந்தது பழைய ஜாக்கெட். உள்ளே பிரித்துவிடத் துணியே இல்லை என்று கஸ்தூரி திருப்பிக் கொடுத்தது. கடைசி இரண்டு ஹூக் எட்டவில்லை. கோயிலுக்குப் போகிறவள் அதையா போடுவாள்? இந்தத் துப்பு நியாயமாக இருக்க வேண்டுமானால், இரண்டாம் அத்தியாயத்திலேயே அந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி வந்திருக்க வேண்டும். வேறு ஏதோ வம்புப் பேச்சின் நடுவே.

படி 5: போலீஸையும் சட்டத்தையும் சரியாக எழுதுங்கள்

இதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. சந்தேக மரணத்துக்கு 174-ஆவது பிரிவு என்று எழுதிப் பழகிய கை இப்போது 194 என்று எழுத வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை வரும். அது கதைக்கு வேண்டாம் என்றால் தேவிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆக்கிவிடுங்கள்.

நாவலாசிரியருக்குக் கிடைத்த வரம் ஒன்றும் இருக்கிறது. அதே புதிய சட்டத்தின் 179-ஆவது பிரிவின்படி, சாட்சி சொல்ல ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச்சொல்லிப் போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. அதாவது எஸ்.ஐ. கஸ்தூரியின் வீட்டுக்குத்தான் வர வேண்டும். தையல் மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேள்வி கேட்க, அக்கா ஹூக் தைத்துக்கொண்டே பதில் சொல்லலாம். யார் யாரை விசாரிக்கிறார்கள் என்றே தெரியாத காட்சி அது.

பிணம் விறைக்கிற கணக்கைக் குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். மே மாத வெயிலில் விறைப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும்.

படி 6: சந்தேகப் புள்ளிகள்

நாலைந்து பேர் போதும். கொலையாளி நாவலின் முதல் கால்பகுதிக்குள் வந்து பேசியிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் கொடுங்கள். கொலையை மறைக்கிற பொய் ஒன்றுதான், மற்றவை கடன், காதல், குடி.

படி 7: பேச்சு

"வந்துக்கினு", "இன்னாபா" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தூவினால் மிமிக்ரி ஆகிவிடும். வண்ணாரப்பேட்டையில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. மார்வாடி அடகுக் கடைக்காரர் ஒரு விதம், தெலுங்கு பேசும் வீட்டுப் பாட்டி ஒரு விதம், காலேஜ் போகிற பெண் வேறு விதம். முதல் சந்திப்பில் எஸ்.ஐ. "ஏம்மா, நீ இன்னா போலீசா?" என்பார். பாதி நாவலுக்குமேல் அவர் வாயிலிருந்து "அக்கா" வர வேண்டும். அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுங்கள்.

படி 8: முடிச்சை அவிழ்ப்பது

எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து விளக்குவது மேல்நாட்டு வழக்கம். இங்கே பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது, சந்தேகப்பட்ட எல்லாரும் தானாகவே ஒரு பந்தலின் கீழ் வந்து நிற்பார்கள். கொழுந்தன் கஸ்தூரியிடம் தனியாக உடைந்து ஒப்புக்கொள்ளட்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அது. டெய்லர் அக்காவிடம் சொன்னதற்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கோர்ட் லேசில் தண்டிக்காது, துணைக்கு வேறு சாட்சியம் தேடும். பிரேதப் பரிசோதனையின்போது கழற்றிப் போலீஸிடம் ஒப்படைத்த அந்தப் பற்றாத ஜாக்கெட் அப்போது மேஜைக்கு வரும்.

எழுதி முடித்ததும் கடைசி இரண்டு அத்தியாயங்களை உருவிவிட்டு மூன்று பேரிடம் கொடுங்கள், ஒருவராவது புடவை கட்டுகிறவராக இருக்கட்டும். மூவரும் கொழுந்தன் என்றால் துப்பை இன்னும் ஆழமாகப் புதையுங்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் கொசுவ வரியை இன்னொரு தடவை, வேறு ஒரு பெண்ணின் வாயால், கொண்டுவாருங்கள்.