போட்டுக்கு எத்தனை லிட்டர் டீசல்? திரும்பி வரும் வழியை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சென்னை காசிமேட்டில் இருந்து மீன்பிடிக்கக் கிளம்பும் பைபர் போட்டுக்குக் கரை எப்போதும் மேற்கேதான். மேல்காற்று வீசும் கச்சான் காலத்தில் விடியற்காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளிய அதே காற்று, மீனும் ஐஸும் ஏற்றித் திரும்பும்போது முகத்தில் அறையும். ஆகவே "போக பத்து லிட்டர், வர பத்து லிட்டர்" என்ற கணக்கு சரிப்படாது.

இன்ஜின் புத்தகத்தில் இருக்கும் எண் ஒரு தொடக்கம்தான். ஒரு எச்.பி.க்கு மணிக்கு 185 கிராம் டீசல் என்று போட்டிருந்தால், 10 எச்.பி. இன்ஜினுக்கு 1,850 கிராம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம் எடை. வகுத்தால் மணிக்கு 2.2 லிட்டர் வரும். இது முழு சுமையில் ஓடும் கணக்கு. உங்கள் புரொப்பெல்லர், அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு, ஏற்றியிருக்கும் வலை எதுவும் அதில் இல்லை. அளந்தே ஆக வேண்டும்.

அளக்கத் தேவையானவை: 2 லிட்டர் பிடிக்கும் ஒளி ஊடுருவும் கேன், ஒட்டும் டேப், போனில் உள்ள ஸ்டாப்வாட்ச், ஜி.பி.எஸ். முதலில் கேனில் அளவுக் குவளையால் அரை லிட்டர் ஊற்றி அந்த மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். இன்னும் 1 லிட்டர் ஊற்றி அதன் மட்டத்தில் இரண்டாவது டேப். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிக் கேனுக்கு மாற்றி, பியூயல் பம்ப்பை விட உயரத்தில் கட்டுங்கள். நாசிலில் இருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் பைப்பும் இதே கேனுக்குள்தான் விழ வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ரிட்டர்ன் பழைய டேங்குக்கே போனால், எரியாத டீசலும் எரிந்ததாகக் கணக்கில் ஏறி, இன்ஜின் அநியாயமாகக் குடிப்பது போலத் தெரியும். ஹோஸ் மாற்றியதும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை காற்றை எடுத்துவிடுங்கள்.

காற்றடங்கிய காலையில், வழக்கமான ஆள், வலை, ஐஸ் எல்லாம் ஏற்றி ஓட்டுங்கள். 15 நிமிடம் இன்ஜின் சூடாகட்டும், பிறகு கேனை மேல் டேப்புக்குச் சற்று மேல் வரை நிரப்புங்கள். டீசல் மேல் டேப்பைத் தொடும்போது வாட்சைத் தொடங்கி, கீழ் டேப்பில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே இருக்கும் அரை லிட்டரைத் தொட வேண்டாம். கேன் காலியானால் காற்று புகுந்து நடுக்கடலில் பிளீட் செய்யும் வேலைதான் மிஞ்சும். நீரோட்டத்தோடு ஒரு ஓட்டம், எதிர்த்து ஒரு ஓட்டம் ஓட்டி, இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. ஒரு லிட்டர் 30 நிமிடம் ஓடுகிறது, அதாவது மணிக்கு 2 லிட்டர். சராசரி வேகம் 5.8 நாட், அதாவது மணிக்கு 5.8 கடல் மைல். கடல் மைலுக்கு 0.345 லிட்டர். 15 கடல் மைல் போக 5.2 லிட்டர். எதிர்காற்றில், சுமையோடு வேகம் 4.6 நாட்டாகக் குறைந்தால் திரும்ப 6.5. வலை இழுக்கும் 3 மணி நேரமும் மெதுவாக ஓடினால் மணிக்கு அரை லிட்டர் வீதம் 1.5. மொத்தம் 13.2 லிட்டர். இதில் பாதியைக் கையிருப்பாகச் சேருங்கள், 20 லிட்டர். இது எரிக்கக்கூடிய டீசல் மட்டும். டேங்கின் அடியில் தங்கும் 2 லிட்டரையும், வெயிலில் விரிய மேலே விடும் 5 சதவீதத்தையும் சேர்த்தால் 23 தாண்டும். 25 லிட்டர் டேங்க் வாங்குங்கள்.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அதே நாளில் அளந்துவிடலாம். ஆர்.பி.எம்.மை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளை, 10 சதவீதம் குறைத்தால் இன்ஜின் சுமை கால் பங்குக்கு மேல் குறையும்; லிட்டர் 40 நிமிடம் வரை ஓடும். வேகம் 5.2 நாட். 30 கடல் மைலுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் மிச்சம், நேரம் அரை மணிக்குச் சற்று மேல் கூடும். ஏலத்துக்கு முந்த வேண்டிய நாளில் இது செல்லாது. மற்ற நாளில் தாராளமாகச் செய்யலாம்.

டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி போதும். காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை இறக்கி நனைந்த இடத்தில் கத்தியால் கீறுங்கள். போட்டின் வளைவுக்கேற்ப அடி குறுகிய டேங்கில் கீழ்க் கீறல்கள் தள்ளித் தள்ளியும், மேலே நெருங்கியும் விழும். ஸ்கேல் வைத்துச் சமமாகக் கோடு போட்டவர் கடைசிப் பத்து லிட்டரில் ஏமாறுவார்.

ஜிங்க் பூசிய தகரத்தில் டேங்க் செய்ய வேண்டாம். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி பில்டரை அடைக்கும். உறிஞ்சு குழாயின் வாய் அடியில் இருந்து ஓர் அங்குலமாவது மேலே இருக்கட்டும். சென்னையின் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்க் உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணீர் அடியில் உட்காரும். வாரம் ஒருமுறை அடி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனிக்கோடாகப் பிரியும்.

நன்றாக ஓடிய இன்ஜின் அரை மணி கழித்துத் திணறி நின்றால், முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை உப்பில் அடைத்திருக்கிறது. சாதாரண ஓட்டத்திலேயே கறும்புகை வந்தால் ஏர் பில்டரையும், புரொப்பெல்லரில் வலைத்துணுக்கு சுற்றியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் புரொப்பெல்லர் இந்த இன்ஜினுக்குப் பெரிதாக இருக்கலாம். அப்படியானால் அதை மாற்றும் வரை மேலே சொன்ன எந்த அளவும் உண்மையாக இருக்காது. மாற்றிய பிறகு கேனை மறுபடி கட்டுங்கள்.