எண்ணூர்ச் சேற்றைப் பார்க்கப் போவது எப்படி

முதலில் நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில்தான் கழிமுகத்தில் தண்ணீர் நன்றாக வற்றும். நேரம் தெரிய, குப்பத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, தண்ணி எப்போ வத்தும்?" என்று கேளுங்கள். மார்கழி, தை நல்ல மாதங்கள். வடக்கே சைபீரியாப் பக்கத்திலிருந்து வந்த உள்ளான் பறவைகள் சேற்றைக் குத்திக் குத்திப் புழு எடுக்கும்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் எண்ணூரைத் தாண்டியதும் பாலம் வரும், கீழே கொசஸ்தலை ஆறு. வண்டியில் எல்லாரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்துச் சேற்றைப் பாருங்கள், பிறகு இறங்கி அதனருகே போங்கள். கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ போதும். செருப்போடு போன என் அக்கா மகன் ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஆளிச் சிப்பி ஓட்டில் காலையும் கிழித்துக்கொண்டான், மூன்று தையல்.

எங்கள் ஆயா பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இந்தச் சேற்றில் தடவி இறால் பிடித்தவள். சேறு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். முதலில் மூக்கு. அழுகின முட்டை வாடை வந்தால் சாக்கடை என்று ஓடாதீர்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் இலைதழை மக்கினால் அப்படித்தான் நாறும். டீசல் வாடை வந்தால்தான் கவலை. அடுத்தது விரல். நல்ல களி பிசுபிசுவென்று ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் சாம்பல் நிற மாவு மாதிரி வழுக்கும், காய்ந்தால் பறக்கும். கடைசியாக வளை. ஒரு முழச் சதுரத்துக்குள் எத்தனை நண்டு வளை என்று எண்ணுங்கள். பக்கத்தில் குட்டிக் குட்டி மண் உருண்டை கிடந்தால் நண்டு சாப்பிட்டு முடித்திருக்கிறது. சாம்பல் திட்டில் நான் எண்ணியபோது வளை ஒன்றுகூட இல்லை.

கரையோர அலையாத்திச் செடியைச் சுற்றிப் பென்சில் பென்சிலாக நிற்பவை மூச்சுவேர்கள், மிதிக்காதீர்கள். இலையில் உப்புப் பூத்திருக்கும். சின்ன வயதில் நக்கிப் பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இதே தண்டுகளில் கறுப்பாக அப்பியது. அதற்கப்புறம் பிள்ளைகளை நாக்கு வைக்க நான் விடுவதில்லை.

நேரமிருந்தால் மணலி புதுநகர் போய், 2023 வெள்ளம் வீட்டுக்குள் எதுவரை நின்றது என்று யாரையாவது காட்டச் சொல்லுங்கள். பூண்டி ஏரியில் மிச்சத் தண்ணீரைத் திறந்தால் கொசஸ்தலை வழியாக எண்ணூருக்குத்தான் வரும். வரும்போது கடல் ஏற்றமாக இருந்தால் ஆறு வெளியே போக முடியாமல் காத்திருக்க வேண்டும். அதுவரை பரந்து கிடக்க அதற்கு இந்தச் சேறும் உப்பளமும்தான் இடம். அதை மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடும். அங்கே ஊர் இருக்கிறது.

திரும்பும்போது வெள்ளை இறால் வாங்குங்கள். அது கடலில் பொரிந்து, குஞ்சாக இந்த ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போவது. "ஆத்து இறாலா, கடல் இறாலா?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுவாயிருந்தா இன்னா, சின்னதுல இங்கதானே கெடந்துச்சு" என்றார் விற்ற அக்கா.

கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வாடை மட்டும் வீடு வரை வரும். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினால் நான் ஜன்னலைத் திறந்துவிடுவதோடு சரி.