கேஸ் நேர்முகப் பரீட்சை: தீர்வுக்கு முன் பழுது எங்கே என்று பாருங்கள்

முகாமைத்துவ ஆலோசனை நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சையில் ஒரு வணிகப் பிரச்சினையைத் தந்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பரீட்சகரோடு பேசிப் பேசியே அதை அவிழ்க்கச் சொல்வார்கள். அதற்குத்தான் கேஸ் என்று பெயர். கொழும்பில் இதற்குத் தயாராகும் நம் பட்டதாரிகள் கணக்கில் தடுமாறுவது குறைவு. கேள்வி முடியுமுன்னரே தீர்வு சொல்லத் தொடங்குவதுதான் அவர்களை வீழ்த்துகிறது.

வெள்ளவத்தையில் ஒரு சைவ உணவகத்தின் மாத விற்பனை 40 இலட்சம் ரூபாவிலிருந்து 44 இலட்சமாக உயர்ந்தும், இலாபம் 6 இலட்சத்திலிருந்து 4 இலட்சமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம், வீட்டு விநியோகம் என்று உடனே அடுக்காதீர்கள். முதலாளிக்குப் பழைய இலாபம் மீண்டால் போதுமா, எத்தனை மாதத்துக்குள் மீள வேண்டும் என்று கேட்டுத் தெளியுங்கள். பிறகு ஒரு நிமிட அவகாசம் கேட்டு (அதை எவரும் குறையாக எண்ணுவதில்லை) பிரச்சினையைத் தாளில் கிளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளைகள் ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது என்பது 1960களில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ வகுத்த விதி.

இலாபம் என்பது வருமானத்தில் செலவு போக மிஞ்சுவது; வருமானமோ வாடிக்கையாளர் தொகையைச் சராசரி பில்லால் பெருக்கினால் வருவது. இவ்விரு எண்களையும் கேட்டால், முன்பு 10,000 பேர் தலா 400 ரூபாவும் இப்போது 8,800 பேர் தலா 500 ரூபாவும் செலுத்துவதாகப் பரீட்சகர் சொல்லக்கூடும். விற்பனையைக் கூட்டியது சராசரி பில்லின் உயர்வு மட்டுமே, ஆட்கள் 12 சதவீதம் குறைந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. மொத்தச் செலவு 34 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாகியிருப்பதால், ஒருவருக்கான செலவு 340 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 455 ரூபாவாகிறது. பில் 25 சதவீதம் ஏற, செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லியே செய்யுங்கள். பிழை நேர்ந்தாலும் பரீட்சகர் உங்களைச் சரியான பாதைக்குத் திருப்பிவிட வழியிருக்கும்.

அடுத்து, செலவைப் பிரிக்காமல் நகராதீர்கள். அரிசி, மரக்கறி, எரிவாயு ஆகியவை ஆட்கள் குறையும்போது குறைய வேண்டியவை. வாடகையும் நிரந்தரச் சம்பளமும் அப்படியே நின்று, எஞ்சியவர்களின் தலையில் கூடுதலாக விழுபவை. இந்த வேறுபாட்டைக் கேளாமலே எடுத்துச் சொல்வதுதான், என் பார்வையில், நல்ல விண்ணப்பதாரரின் அடையாளம். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது போன்ற உள்ளூர் அனுபவத்தை ஊகமாக முன்வைக்கலாம். ஆனால் அதை உறுதிசெய்யும் எண்ணையும் கையோடு கேளுங்கள்.

முடிவில் பரிந்துரையை முதலிலும், அதைத் தாங்கும் இரண்டு மூன்று எண்களை அடுத்தும், எந்தத் தகவல் கிடைத்தால் அது மாறும் என்பதைக் கடைசியிலும் சொல்லுங்கள்.