ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பீரோவைத் திறங்கள்

ஆடி பிறந்தால் தி.நகரில் கால் வைக்க இடமிருக்காது. ரங்கநாதன் தெருவிலிருந்து பை பையாகத் துணி போய்ச் சேரும் வீடுகளில் பீரோ ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் காலையில் கிளம்பும் நேரத்தில் "போட்டுக்க ஒண்ணுமே இல்லை" என்ற குரல் கேட்கும். காரணம் எளிது: உள்ளே இருப்பதில் பலவும் உடுத்தும் நிலையில் இல்லை. ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது, கொக்கி போயிருக்கிறது, ஃபால்ஸ் தைக்காமல் புடவை கிடக்கிறது. துணி வாங்குவதைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் இவற்றை மீட்டெடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கட்டிலில் கொட்டி நான்காகப் பிரியுங்கள்: வாரா வாரம் உடுத்துவது, விசேஷத்துக்கு உடுத்துவது, சரிசெய்தால் உடுத்தக்கூடியது, இனி உடுத்தவே போவதில்லை என்பது. மூன்றாவது குவியலில்தான் வேலை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று துண்டுச் சீட்டில் எழுதி ஊக்கால் குத்திவிடுங்கள். "இதெல்லாம் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று பையை மட்டும் நீட்டினால் பாதி வேலை விட்டுப்போகும். தீபாவளி நெருங்கினால் தையல் கடையில் யாரும் தலை நிமிரமாட்டார்கள். ஆல்டரேஷன் துணிகளை ஆனி, ஆடியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

தையல்காரரிடம் கொடுக்கும் முன்

ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். முன்துண்டிலும் பின்துண்டிலும் அரை அங்குலம் துணி மடித்து விட்டிருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம் வரை பிரித்து விடலாம். ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் வழியில்லை. அக்குளில் பட்டி கொடுத்துத்தான் பெரிதாக்க வேண்டும். அடர்நிறப் பழைய ரவிக்கையில் பிரித்த இடத்தில் வெளுக்காத கோடு தெரியும், கை மறைத்துவிடும் என்பதால் பெரும்பாலும் பரவாயில்லை. இனித் தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் தையுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு அங்குலத்தால் அதே ரவிக்கை இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஃபால்ஸ் துணியை அப்படியே தைத்துவிட்டால் முதல் அலசலிலேயே அது சுருங்கி, புடவையின் அடிப்பகுதியைச் சுண்டி இழுக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். ஏற்கெனவே சுண்டிப்போன புடவைக்குப் பழைய ஃபால்ஸைப் பிரித்துவிட்டுப் புதிது வைத்தால் போதும்.

ஜீன்ஸ் பெரும்பாலும் தொடை உரசும் இடத்தில்தான் போகும். கிழியும்வரை காத்திருக்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல் மெலிந்த இடம் தெரியும். அப்போதே உள்பக்கம் பழைய ஜீன்ஸ் துண்டை வைத்து நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். மெலிந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் தாண்டி ஒட்டு இருக்க வேண்டும். அளவாக வெட்டி வைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

துவைப்பதில்தான் பாதித் துணி போகிறது

நகரில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், அதிலும் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. சோப்புக் கட்டி இந்தத் தண்ணீரில் நுரைக்காமல் பிசுக்காகத் திரிந்து நூலிடையே படிகிறது. வெள்ளைச் சட்டை சாம்பல் பூப்பதும், துண்டு அட்டைபோல் விறைப்பதும் இதனால்தான். சோப்புக் கட்டிக்குப் பதில் சலவைத் தூளோ திரவமோ பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பக்கெட் தண்ணீரில் வெள்ளை வினிகர் இரண்டு மூன்று மேசைக்கரண்டி விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள், படிந்த சுண்ணாம்பு இளகும். வினிகரை ப்ளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

வியர்வைச் சட்டையைக் கூடையில் சுருட்டிப் போடாமல், வந்ததும் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடியில் போடுங்கள். மஞ்சள் கறை ஏறிய அக்குளுக்குக் குளோரின் ப்ளீச் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும். எலாஸ்டிக், ஸ்ட்ரெட்ச் துணிகளுக்கு வெந்நீரும் உச்சி வெயிலும் ஆகாது. சாயத் துணிகளை உள்பக்கம் திருப்பி நிழலில் உலர்த்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்து உண்டு. இஸ்திரிக் கடையிலிருந்து வரும் அடுக்கு சூடாக இருக்கும், உள்ளே ஈர ஆவியும் இருக்கும். அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினால் சில வாரங்களில் மடிப்புகளில் கரும்புள்ளி தட்டும். பூஞ்சையால் வந்த அந்தப் புள்ளி ஊறிவிட்டால் லேசில் போகாது. அடுக்கைப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்டபின் வையுங்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் கஞ்சியை அலசிவிடுங்கள். பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சிக்குத்தான்.

பட்டுப்புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த கோட்டிலேயே இழை விட்டுப்போகும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது, சென்ட்டும் ஜரிகையில் தெளிக்கக்கூடாது, கறுத்துவிடும். ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் ட்ரை வாஷுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கறை இல்லையென்றால் நிழலில் ஆறவிட்டு மடித்தாலே போதும்.

எத்தனை வேண்டும், எப்படி வாங்குவது

தினசரி உடைக்கு எளிய கணக்கு இருக்கிறது: இரண்டு துவைப்புக்கு நடுவே உள்ள நாட்கள், மழைக்காலத்தில் காய எடுக்கும் நாட்கள், கூடவே அவசரத்துக்கு இரண்டு. நான்கு நாளுக்கொருமுறை துவைத்து, காய இரண்டு நாள் ஆகும் வீட்டில் ஆளுக்கு எட்டு செட் தாராளம். எட்டுக்கு மேல் இருப்பதெல்லாம் தூசிதான் தின்னும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி எடுப்பதை விட வேண்டாம், அது வீட்டின் சந்தோஷம். அந்த வருஷம் யாருக்கு எது நைந்துபோகிறதோ அதையே அந்த நாளுக்கு எடுங்கள். எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. தைத்துப் போடுபவர்களுக்குப் பாரிமுனை கோடவுன் தெருவில் மீட்டர் துணி மொத்த விலைக்குக் கிடைக்கும். பருத்தி ஐந்து சதவீதம் வரை சுருங்கும். 44 அங்குல குர்தாவில் இரண்டு அங்குலம் போய்விடும் என்று கணக்கிட்டு, துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்.

கடையில் கையிலெடுத்ததும் உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலை இரு கையாலும் இழுத்தால் நூலிடையே வெளிச்சம் தெரியக்கூடாது. ஈரக் கைக்குட்டையால் ஓரத்தில் தேயுங்கள், நிறம் ஒட்டினால், சேர்த்துத் துவைக்கும் துணியெல்லாம் பாழ். அடர் கறுப்பு, கருநீலம் போன்றவற்றுக்குச் சாயப் பட்டறையில் உப்பும் அலசும் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகின்றன. நாம் நடைபாதையில் மலிவாக அள்ளும் டி-ஷர்ட்டுகளில் மிகுதியும் திருப்பூரிலிருந்து வருபவை. அங்கிருந்து வந்த சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால்தான் 2011-இல் அங்குள்ள பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயநீர் தேங்கியதை அப்பகுதி விவசாயிகள் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

நான்காவது குவியல்

கொடுப்பதானால் துவைத்து, பட்டன் தைத்து, நாமே உடுத்துவோம் என்ற நிலையில் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பின் அனுப்பப்பட்ட பழந்துணி மூட்டைகள் எடுக்க ஆளின்றித் தெருவோரம் கிடந்தன. நைந்த பருத்திப் புடவை தொட்டிலுக்கும், அதன் பிறகு கரித்துணிக்கும், வண்டி துடைக்கவும் ஆகும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, அடுப்பங்கரையில் சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகும். பழசானால் அதற்கு வீட்டில் வேலையில்லை. வாங்கும்போதே இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.