மென்பொருள் கையேட்டை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் ராத்திரி போன் செய்தார். "தம்பி, புத்தகத்துல போட்டிருக்கதை அப்படியே காப்பி பண்ணித்தான் போட்டேன். ஏத்துக்க மாட்டேங்கு." பில் மென்பொருளில் பேக்கப் எடுக்கும் கட்டளை அது. அவர் செய்தது சரிதான். கையேட்டை வேர்டுக்கு மாற்றித் திருத்தியபோது அந்த வரியை நான் திரும்ப அடித்திருந்தேன். அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு கோடுகளை வேர்டு தானாகவே ஒரு நீளக் கோடாக்கிவிட்டது. மேற்கோள் குறிகளும் வளைந்துவிட்டன. மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு எழுத்து.

அதனால் வேர்டில் வேலையைத் தொடங்குமுன் ஆட்டோகரெக்டில் இந்தத் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவிடுங்கள். கட்டளை வரிகளுக்கு 'சோர்ஸ் கோடு' என்ற பெயரில் தனி ஸ்டைல் வையுங்கள். கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் அந்தப் பெயரை அடையாளம் கண்டு, அந்த வரிகளைக் கட்டளைப் பகுதியாகவே மார்க்டவுனுக்கு, அதாவது தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சிறு குறிகளால் காட்டும் எளிய எழுத்துக் கோப்புக்கு, கொண்டுபோகும். மார்க்டவுனிலிருந்து திரும்பி வரும்போதும் கவனம் வேண்டும். கட்டளை சாதாரண வாக்கியத்துக்குள் கிடந்தால் பாண்டாக்கே அந்த இரட்டைக் கோட்டை ஒன்றாக்கிவிடும். ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006இல் வெளியிட்ட இலவச மென்பொருள்தான் பாண்டாக். இந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் பழைய எழுத்துருக்கள். திருநெல்வேலி, தென்காசிக் கடைகளில் இன்றும் பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கையேடுகள் கிடைக்கின்றன. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. நேராக மார்க்டவுனுக்கு மாற்றினால் எழுத்துரு போய்விடும், புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு அரைப்புள்ளி முழிக்கும். சரி, பிறகு யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எழுத்துருப் பெயர் தொலைந்தபின் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க வழியில்லை. அந்த மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கும். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகும். ஆகவே வேர்டு கோப்பாக இருக்கும்போதே, எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினியில் உள்ளதை மட்டும் யூனிகோடாக்குங்கள். வடிவ மாற்றம் அதற்கு அப்புறம்தான்.

கையில் பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதலில் மூலக் கோப்பைத் தேடி அலையுங்கள். நிஜமாகவே அலையுங்கள், அச்சகத்தில்கூடக் கேளுங்கள். பிடிஎஃபை பாண்டாக் படிக்காது. வேறு கருவியால் எழுத்தை உருவினாலும் 'கொள்முதல்' என்பது பெரும்பாலும் 'ெகாள்முதல்' என்றுதான் வரும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வர வேண்டிய கொம்பு, பக்கத்தில் தெரிகிற வரிசையிலேயே முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. வாசிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். ஆனால் தேடல் பெட்டியில் 'கொள்முதல்' என்று அடிக்கும் கடைப் பையனுக்கு ஒன்றுமே கிடைக்காது.

தலைப்புகளை வேர்டில் வெறுமனே பெரிதாக்கி போல்டு செய்திருந்தால், மாற்றியபின் அவை சாதாரணப் பத்திகள். நேவிகேஷன் பலகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தலைப்புகள் வரவில்லையென்றால் முதலில் ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். படங்களைத் தனியே எடுக்கும்படி பாண்டாக்கிடம் சொல்லாவிட்டால் மார்க்டவுனில் படத்தின் முகவரி மட்டும் இருக்கும், படம் இருக்காது. செல்களை இணைத்துப் போட்ட அட்டவணையை எளிய மார்க்டவுன் அட்டவணை தாங்காது. அதைப் பிரித்து எழுதுவதே நல்லது. 'பக்கம் 42 பார்க்க' என்பதையெல்லாம் தேடிப்பிடித்து, தலைப்பின் பெயருக்கு இணைப்பாக மாற்றுங்கள். இணையப் பக்கத்தில் 42 ஏது?

மார்க்டவுனிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது இன்னொரு பள்ளம். பிடிஎஃப் தயாரிக்க பாண்டாக் வழக்கமாகப் பயன்படுத்தும் பிடிஎஃப்லாடெக் என்ற கருவிக்குத் தமிழ் வராது, பிழை காட்டி நிற்கும். அதற்குப் பதில் ஜீலாடெக் என்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள், கூடவே ஒரு தமிழ் யூனிகோடு எழுத்துருவின் பெயரையும் கொடுங்கள். எழுத்துருவை விட்டுவிட்டால் கோப்பு தயாராகிவிடும், ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலியாக இருக்கும்.

இப்போதெல்லாம் மாற்றிய கையேட்டை அனுப்புமுன் ஒரு சோதனை கணினியில் உட்கார்ந்து, அதிலுள்ள ஒவ்வொரு கட்டளையையும் கையேட்டிலிருந்தே காப்பி செய்து ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு 'கொள்முதல்', 'மொத்தம்', 'பெயர்' என்று மூன்று சொற்களைத் தேடுகிறேன். மூன்றிலும் கொம்பு உண்டு. மூன்றும் கிடைத்தால்தான் கோப்பு கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறது.