பேப்பர் போடுவதற்கு முன்: நிரந்தர ஐ.டி. வேலையிலிருந்து காண்ட்ராக்டுக்கு

திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் போய்வந்து அலுத்தவர்கள், வீட்டிலிருந்தே காண்ட்ராக்ட் எடுக்கலாம் என்று தோன்றியதும் முதலில் பேப்பர் போட்டு ராஜினாமா செய்துவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை.

1. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே

கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடியும். சொந்தப் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு அது 3 ஆண்டு வரை போகலாம். அதனால் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே பாலிசி எடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பெரும்பாலும் 2, 3 ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்கும் என்பதையும் யோசியுங்கள்.

கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுட்டிக்கு 5 ஆண்டு வேண்டும். பேசிக், அதாவது மாத அடிப்படைச் சம்பளம், 40,000 என்றால் 40,000 × 15 ÷ 26 × 5, அதாவது சுமார் 1,15,000 ரூபாய். நாலே கால் வருடத்தில் கிளம்புவது அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போவதுதான்.

2. நாள் கூலிக் கணக்கு

பலர் சறுக்கும் இடம் இது. 365 நாளில் சனி, ஞாயிறு 104 போனால் 261. பண்டிகை 12, விடுப்பும் காய்ச்சலும் 20, இரண்டு காண்ட்ராக்டுக்கு நடுவே சும்மா இருக்கும் நாள் 29. மிச்சம் 200. இப்போது ஆண்டுக்கு 12 லட்சம் என்றால் நாளுக்கு 6,000. மாதத்துக்கு 22 நாள் என்று வகுத்தால் 4,545தான் வரும்; அந்த ரேட்டுக்கு ஒப்புக்கொண்டால் வருடக் கடைசியில் சுமார் 2,90,000 ரூபாய் துண்டு விழும். காப்பீடு, லேப்டாப், ஆடிட்டர் செலவையும் சேர்த்து 7,000 கேளுங்கள்.

ஜூன் 1ல் வேலை தொடங்கி, 30ல் இன்வாய்ஸ் போட்டு, 45 நாள் தவணை என்றால் முதல் பணம் ஆகஸ்ட் 14ல்தான் கைக்கு வரும். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இல்லாமல் இறங்காதீர்கள்.

3. பதிவுகள்

தனிநபர் தொழிலாகத் தொடங்கினால் போதும், கம்பெனி பதிவு தேவையில்லை. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. முதல் வேலைக்கு முன்பே அதை முடித்து, எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். வரி 18 சதவீதம். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்கள் கவனிக்க: முகவரிச் சான்றாகத் தரும் இ.பி. பில்லில் பழைய கதவு எண்ணும் சொத்து வரி ரசீதில் புதிய எண்ணும் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். 7 வேலைநாளுக்குள் பதில் தரவேண்டும். விண்ணப்பத்திலேயே இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

4. வரி

வாடிக்கையாளர் பணம் தரும்போதே டி.டி.எஸ். என்று வரி பிடிப்பார். அது உங்கள் பணம்தான்; பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியலான 26ஏஎஸ்ஸில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறை உண்டு. அதில் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15க்குள் கட்டவேண்டும், தவறினால் வட்டி.

5. கரண்ட், நெட்

இ.பி. பராமரிப்பு நாளில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டரும், வேறு கம்பெனியின் இரண்டாவது நெட் இணைப்பும் வேண்டும்.

6. இனி பேப்பர்

நோட்டீஸ் காலம் முடியும்வரை வெளியே இன்வாய்ஸ் போடாதீர்கள். ரிலீவிங் லெட்டர், சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழான ஃபார்ம் 16 இரண்டையும் வாங்குங்கள். 5 ஆண்டு ஆகாத பி.எஃப்.பை எடுத்தால் வரி உண்டு, விட்டுவையுங்கள். பி.எஃப். கணக்கில் நீங்கள் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நீங்களே போடலாம்.